இரண்டாம் பாகம் எல்லா மாடியிலும் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை, வயது 43. பகலில் கையில் ஸ்பேனர், இரவில் கணினித் திரையில் வாளும் கேடயமும். "இன்னுமாடா அந்த கேமை விடல?" என்று என் அக்கா கேட்காத தீபாவளி இல்லை. விடவில்லைதான். பத்து ஆண்டுக்கு மேலாக அதே விளையாட்டு. மந்திரவாதி, குள்ளன், டிராகன், இடிந்த கோட்டை என்று வழக்கமான மாயலோகம், ஆனால் உள்ளே திரிகிறவர்களெல்லாம் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் உண்மையான மனிதர்கள். பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் கீழே குறைகளும் சொல்லப்போகிறேன்.

இப்போது அதற்கு இரண்டாம் பாகம் வருகிறது. சில நாள் சோதனையாகத் திறந்துவிட்டார்கள், நானும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். முடிந்ததும் ஒரு படிவம் வந்தது. "என்னென்ன மாற்றலாம், சொல்லுங்கள்." கீழே ஒரு சின்னப் பெட்டி, 500 எழுத்துக்கு மேல் போகாது. 500 எழுத்தில் எங்கள் வீட்டு மளிகைச் சாமான் பட்டியலே அடங்காது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை படிக்கிறவர்கள் இதெல்லாம் ஆடமாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி 11 மணிக்கு எங்கள் கில்டுக்குள் (விளையாட்டில் நாங்கள் கூடும் குழு) எட்டிப் பார்த்தால் பேருந்து ஓட்டுபவர் ஒருவர், தாதி ஒருவர், ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர், நான் என்று நான்கு தமிழர்கள் இருப்போம். அப்புறம், இங்கேயே விளையாட்டு உருவாக்கும் படிப்பு படிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், நாளைக்கு இந்த மாதிரி ஒன்றை அவர்களே செய்யப் போகிறவர்கள். அவர்கள் கண்ணில் பட்டாலும் சரி.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் சீக்கிரமே பழகிவிடும். குடியிருப்பாளர் போன் போட்டு "லிஃப்ட் சரியில்ல தம்பி" என்றால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த மாடி, கதவு மூடும்போதா திறக்கும்போதா, சத்தம் தலைக்கு மேலேயா காலுக்குக் கீழேயா, மழை பெய்த பிறகா என்று தோண்டித் தோண்டிக் கேட்போம். ஒரு முறை ஒரு பாட்டி சொன்னார், "எட்டாவது மாடியில மட்டும் வெளிய வரும்போது என் மார்க்கெட் வண்டி சக்கரம் இடறுதுப்பா." அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது. பெட்டியின் தரை வாசல் தரையோடு சமமாக நிற்கவில்லை, அந்த ஒரு மாடியில் மட்டும். அந்தப் பாட்டி மாதிரி சொல்கிற விளையாட்டாளர்கள் குறைவு. சோதனை முடிந்த மறுநாள் எங்கள் கில்டில் ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டேன். கிராஃபிக்ஸ் இன்னும் அழகாக வேண்டும், மேப் இன்னும் பெரிதாக வேண்டும், டிராகன் இன்னும் பெரிதாக வேண்டும். டிராகன் ஏற்கெனவே பதினாறு மாடி உயரம் இருக்கிறது, இன்னும் என்ன!

அழகு அழகு என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விளையாட்டு உலகத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற இணைய விளையாட்டு முதன்முதலில் 2010 செப்டம்பரில் வந்தபோது படுதோல்வி. அதே ஆண்டு டிசம்பரில் யோஷிடா நவோகி என்பவர் பொறுப்பேற்று உள்ளே பார்த்தால், வீதியில் கிடக்கும் ஒரு பூந்தொட்டியை வரைய, விளையாடுகிற ஒரு கதாபாத்திரத்தை வரைவதற்குச் சமமான வேலையைக் கணினிக்குக் கொடுத்திருந்தார்களாம். அவரே பிற்பாடு மேடையில் சொன்னது இது. பூந்தொட்டி அழகுதான், ஆனால் அதைச் சுற்றி இருபது பேர் நின்றால் திரை நகராது. கடைசியில் அடியிலிருந்து புதிதாகக் கட்டத் தொடங்கி, 2012 நவம்பரில் பழைய சர்வர்களை (விளையாட்டை நடத்தும் கணினிகளை) அணைத்துவிட்டு, 2013 ஆகஸ்டில் மறுபடியும் திறந்தார்கள். இன்று வரை ஓடுகிறது. இரண்டாம் பாகம் செய்கிறவர்கள் முதலில் பூந்தொட்டிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். உண்மையில் எனக்குப் பெரிதாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டு வருபவை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் வளர்ந்த புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். எங்கள் வீடு ஏழாவது மாடி. அம்மா ஐந்தில் இறங்கி, பத்துக் கிலோ அரிசிப் பையைப் படியில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து ஏறுவார். ஒன்பதில் இறங்கிக் கீழே வரலாமே என்று நான் கேட்டால், "இறங்கும்போது முட்டி வலிக்கும்" என்பார். 2001ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு புளோக்காக எல்லா மாடியிலும் நிற்க ஆரம்பித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தது அந்தத் திட்டத்தின் வேலைகளைத்தான். புதிதாகக் கதவு வைத்த மாடியில் முதல் நாள் அங்கே இருந்தவர்கள் வெறுமனே ஏறி இறங்கிப் பார்ப்பார்கள்.

இந்த விளையாட்டுகளும் அந்தப் பழைய மின்தூக்கி மாதிரிதான் கட்டப்பட்டிருக்கின்றன. அக்கா மகனுக்கு 15 வயது. என்னைப் பார்த்து அவனும் சேர்ந்தான். எனக்கு லெவல் 80, அவன் லெவல் 22. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே பார்ட்டியில், அதாவது ஒரே அணியாக, காட்டுக்குள் போனோம். ஓநாய்க்கூட்டம் வந்தது. நான் ஒரு தடவை வாளைச் சுழற்றினேன், அவன் அம்பை நாணில் ஏற்றுவதற்குள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. நான் பார்ட்டியில் இருப்பதாலேயே அவனுக்கு லெவலை உயர்த்தும் புள்ளி (எக்ஸ்பி) ஏறவில்லை. "மாமா, நீங்க வந்தா எனக்கு எக்ஸ்பியே வரமாட்டேங்குது. நீங்க வேணும்னா தூரமா நின்னு பாருங்க." நான் ஒரு பாறை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து அவன் தன் பள்ளி நண்பர்களோடு போய்விட்டான். குற்றம் சொல்ல முடியுமா? நான் ஒன்பதாவது மாடி, அவன் ஏழாவது, நடுவில் படி மட்டும்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2004ல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டிலேயே சின்ன லெவல் நண்பனைப் பெரியவர் தன் பக்கத்துக்கு உயர்த்திக்கொள்ள முடிந்தது. கில்டு வார்ஸ் 2, அதுவும் ஓர் இரண்டாம் பாகம்தான், 2012 ஆகஸ்டில் வந்தது, அதில் நீங்கள் சின்ன லெவல் காட்டுக்குள் கால் வைத்தவுடன் உங்கள் பலம் அந்தக் காட்டுக்குத் தகுந்தாற்போல் தானாக இறங்கிவிடும். அதே ஓநாய் உங்களையும் கடிக்கும். ஒரே மிருகத்தை இரண்டு பேர் அடித்தால் இருவருக்கும் தனித்தனியாகப் பரிசு, பறித்துக்கொண்டான் என்ற சண்டையே கிடையாது. இன்னொன்றும் செய்தார்கள். உச்ச லெவல் 80 என்று முதல் நாள் வைத்ததை இன்று வரை உயர்த்தவே இல்லை. இரண்டு வருடம் காணாமல் போய்விட்டு வந்தாலும் உங்கள் கவசம் குப்பைக்குப் போயிருக்காது. குழந்தை பிறந்து, வேலை மாறி, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து, பிறகு ஒரு நாள் திரும்பி வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இருபது வயதில் எனக்குப் புரிந்திருக்காது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும், பாட்டியின் சக்கரம் மாதிரி. எங்கள் இரண்டாம் பாகத்தின் சோதனையில் இந்த இறக்குமுறையைக் கொஞ்சம் முயன்றிருந்தார்கள், ஆனால் லெவலை இறக்கும்போது கற்ற வித்தைகளையும் பிடுங்கிவிட்டார்கள். 80ல் பன்னிரண்டு வித்தை வைத்திருந்தவன், 22ல் நான்கோடு நிற்கிறேன். இரவு 11 மணிக்குக் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தவனுக்குப் பாதி பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் யார் இறங்கி வருவார்கள்? பலத்தைக் குறையுங்கள், வித்தையை விட்டுவிடுங்கள். கிடைக்கும் பரிசு மட்டும் என் லெவலுக்கு ஏற்றதாக இருக்கட்டும், இல்லையென்றால் பெரியவர்கள் ஒரு தடவை தர்மத்துக்கு வருவார்கள், மறுதடவை வரமாட்டார்கள். ஒரு குவெஸ்டை (கதையில் தரும் வேலையை) நான் ஏற்கெனவே முடித்திருந்தாலும் அவனோடு சேர்ந்து முடிக்கும்போது எனக்கும் ஏதாவது கணக்கில் ஏறட்டும். பார்த்த கதைக்காட்சியை மறுபடி ஆறு நிமிடம் பார்க்க வைக்காதீர்கள்.

இரண்டாம் பாகம் என்றாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. அஷெரான்ஸ் கால் என்று ஒரு விளையாட்டு 1999ல் வந்தது. அதன் இரண்டாம் பாகம் 2002ல் வந்து 2005 முடிவில் மூடப்பட்டது. முதல் பாகமோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! 2012ல் இரண்டாவதை மறுபடி எழுப்பி, 2017 ஜனவரியில் இரண்டையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். நம் ஊர் பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் பைத்தியமாக ஆடிய மேப்பிள்ஸ்டோரியும் அப்படித்தான். இரண்டாம் பாகத்தின் உலகப் பதிப்பு 2018ல் திறந்து 2020 மே மாதம் மூடிவிட்டது. முதலாவது இன்னும் இருக்கிறது. பழைய வீட்டில் பாதிப் பேர், புது வீட்டில் பாதிப் பேர் என்று குடும்பம் பிரிந்தால் இரண்டு வீட்டிலும் சமையல் ருசிக்காது.

அதனால் பழைய வாள், பழைய பொன் எதையும் புது ஊருக்குக் கொண்டுவர நான் கேட்கவில்லை. எல்லாரும் வெறுங்கையோடு தொடங்கட்டும், அதுதான் சுவாரசியம். நண்பர் பட்டியலும் கில்டின் பெயரும் உறுப்பினர் பட்டியலும் மட்டும் வரட்டும். எங்கள் பட்டியலில் ஒருவர் பெயர் ஆறு ஆண்டாகச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் என்னோடு படித்தவன். வகுப்பு முடிந்ததும் கணினி விளையாட்டு ஆடும் லான் கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைத் தட்டியவன். அவன் பெயருக்கு நேராக "கடைசியாக வந்தது" என்று தேதி நிற்கிறது. கில்டில் இடம் போதாமல் நீண்டநாள் வராதவர்களை நீக்கியபோதெல்லாம் அந்த வரியை யாரும் தொடவில்லை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் தூரம். எங்களுக்குச் சர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில். இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், போய்வர 28,000. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும், ஆகவே கடலுக்கடியில் கம்பியை நேர்கோடாகப் போட்டாலும் 140 மில்லிவினாடிக்குக் கீழே வராது. கம்பி நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ இடத்தில் நின்று போகிறது, என் திரையில் பிங் (போய்வரும் நேரம், மில்லிவினாடியில்) 210 காட்டும். இங்கே இணையம் வேகம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் வருவதற்கு உரிய நேரம் ஆகத்தான் செய்யும்.

210 என்றால் என்ன? பாஸ், அதாவது பெரிய எதிரி, சுத்தியலைத் தூக்குகிறான், தரையில் சிவப்பு வட்டம் விழுகிறது, அரை வினாடியில் அடி இறங்கும். வட்டம் என் கண்ணுக்கு வருவதிலும் நான் உருண்டுபோனது சர்வருக்குப் போய்ச் சேர்வதிலுமாக 210 போய்விட்டது. மிச்சம் 290. மனிதன் பார்த்துப் பொத்தானை அழுத்தவே கால் வினாடி வேண்டும். ஆக எனக்கு மிஞ்சுவது 40 மில்லிவினாடி, 43 வயதில். திரையில் நான் வட்டத்துக்கு வெளியே ஒய்யாரமாக நிற்பேன், சர்வர் கணக்கில் செத்திருப்பேன். கலிஃபோர்னியாவில் இருப்பவன் "டேங்க் தூங்கிட்டான்" என்கிற அர்த்தத்தில் ஏதோ எழுதுவான். டேங்க் என்றால் முன்னால் நின்று அடியைத் தாங்குபவர், அதாவது நான். டேங்க் தூங்கவில்லை ஐயா, டேங்க் உட்லண்ட்ஸில் இருக்கிறார்.

சிங்கப்பூரில் ஒரு சர்வர் வையுங்கள் என்பது எளிய பதில். பாத் ஆஃப் எக்ஸைல் மாதிரி நியூசிலாந்துக்காரர்கள் செய்ததற்கே இங்கே சர்வர் இருக்கிறது. அது முடியாது, ஆட்கள் போதாது, கூட்டம் பிரிந்துவிடும் என்றால் அதையும் புரிந்துகொள்கிறேன், கூட்டம் பிரிவது எனக்கும் பிடிக்காது. அப்படியானால் சாகடிக்கிற அடிகளுக்கு முன்னறிவிப்பைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள், கஷ்டத்தை வேகத்தில் வைக்காமல் யோசிப்பதில் வையுங்கள். எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரைக் காப்பது, எதை முதலில் உடைப்பது என்பதில் கஷ்டம் இருந்தால் பெர்த்தில் இருப்பவனும் சென்னையில் இருப்பவனும் சமமாகத்தான் திணறுவார்கள்.

வாராந்தரப் பராமரிப்பை செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு வைக்கிறார்கள், அவர்கள் ஊர் காலை 7. நமக்கு இரவு 10. அவர்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் 11. பிள்ளைகளைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி, கோப்பி-ஓ கலக்கிக்கொண்டு வந்து உட்காரும் நேரம் அது. நாங்களும் மின்தூக்கியைப் பராமரிப்புக்கு நிறுத்துகிறோம், ஆனால் எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் காலை 7 மணிக்கு நிறுத்தினால் கதவுக்கு வெளியே என்ன பேச்சு கேட்கும் என்று எங்களுக்குத் தெரியும். நேரத்தை மாற்றிச் சுற்றில் விடுங்கள், ஒரு வாரம் எங்களுக்கு, ஒரு வாரம் அவர்களுக்கு. இதற்குப் பைசா செலவில்லை.

இன்னொரு தொல்லை, இது என் போன்ற அழைப்புப் பணிக்காரர்களுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஐந்து பேராக டஞ்சன் என்கிற பாதாளக் கோட்டையின் கடைசி பாஸ் வரை போய்விட்டோம், ஒன்றரை மணி நேர உழைப்பு. அப்போது போன். "ஆள் உள்ளே மாட்டியிருக்கார்." இருவர், அதில் ஒருவர் வயதானவர். விளையாட்டைப் பற்றி யோசிக்க அதில் இடமே இல்லை. "சாரி, கால்" என்று இரண்டு சொல் தட்டிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவர்களை வெளியே கொண்டுவந்து, வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் நான் பாதியில் ஓடியவன் என்று 30 நிமிடத் தடை விதித்திருக்கிறது, டேங்க் இல்லாமல் மற்ற நால்வரும் தோற்றுக் கலைந்துவிட்டார்கள். அந்த நால்வரில் தாதிக்கும் இதே கதை நடந்திருக்கிறது. முதல் கில்டு வார்ஸில், 2005லேயே, ஆள் குறைந்தால் கணினி ஓட்டும் கூலிப்படையைச் சேர்த்துக்கொள்ளலாம். இருபது வருடம் கழித்து வரும் இரண்டாம் பாகத்தில் போகிறவன் இடத்தில் ஒரு பொம்மை நின்று கேடயம் பிடிக்கக்கூடாதா? நன்றாக ஆட வேண்டாம், நின்றால் போதும். ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் அன்றைய ஆட்டத்தைச் சேமித்து வைத்து மறுநாள் அதே ஐவர் தொடரலாம் என்றும் வையுங்கள். வேண்டுமென்றே ஓடுகிறவனைத் தண்டிக்கத்தான் தடை என்றால், மாதத்துக்கு இரண்டு முறை மன்னித்துவிட்டு அதற்குமேல் தண்டியுங்கள்.

இப்போது தமிழ். இதை எழுதத்தான் படிவத்தில் இடம் போதவில்லை.

சோதனையில் பெயர் வைக்கும் பெட்டி தமிழை ஏற்றுக்கொண்டது. இது முதல் பாகத்தில் இல்லாதது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நெடுஞ்செழியன் என்று தட்டினேன். திரையில் வந்ததைப் பார்த்ததும் சிலிர்ப்பு அடங்கியது. முன்னால் நிற்க வேண்டிய கொம்பு 'ந' எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு. சகரத்துக்கும் அதே கதி. கடைசி எழுத்தில் புள்ளியே இல்லை. பாண்டிய மன்னன் னகரத்தில் அறுந்து நிற்கிறான். ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். பெயர் 12 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. நமக்கு நெடுஞ்செழியன் ஏழு எழுத்து. கணினிக்குக் கொம்பு தனி, உகரம் தனி, புள்ளி தனி, எண்ணினால் 13. பதின்மூன்றாவது எது? அந்தக் கடைசிப் புள்ளி. வெட்டிவிட்டது.

இது இரண்டு தனித்தனிப் பழுது, இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. கொம்பு இடம் மாறுவது எழுத்துருவின் குற்றமே அல்ல. நாம் தட்டுவது மெய்யை முதலில், கொம்பை அடுத்து. திரையில் அதை முன்னால் கொண்டுபோய் நிறுத்த ஒரு தனி வேலை நடக்க வேண்டும். கொ, கோ என்றால் இன்னும் சிக்கல், குறியில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம். அந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம், ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் அதுதான் உள்ளே இருக்கிறது. காடாட் என்னும் இலவச விளையாட்டு இயந்திரம்கூட நான்காம் பதிப்பிலிருந்து அதைச் சேர்த்துக்கொண்டது. பதினாறு மாடி டிராகனின் ஒவ்வொரு செதிலுக்கும் தனி நிழல் வரைகிறவர்களுக்கு ஒரு கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது பெரிய வேலையா? எழுத்தை எண்ணுவதற்கும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுங்கள், உள்ளே இருக்கும் துண்டுகளை எண்ணாதீர்கள். இதே பழுதால் இந்தி, தாய்லாந்து, வங்காளப் பெயர்களும் உடையும் என்பதால் நமக்காக மட்டும் செய்யச் சொல்வதாகவும் ஆகாது.

விளையாட்டு முழுவதையும் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அது நல்லதுதான், ஆனால் மோசமாகச் செய்தால் ஆங்கிலமே மேல் என்று ஆகிவிடும். அரட்டைப் பெட்டியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் போதும். நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று இது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம், இளையர்கள் தமிழைப் புழங்க வேண்டும் என்று மேடையில் சொல்கிறோம். என் அக்கா மகன் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் எழுத்தில் பேசுகிற இடம் அந்த அரட்டைப் பெட்டிதான். அங்கே அவன் 'மாமா வா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறான், தமிழில் தட்டினால் வட்ட வட்டமாக வருகிறது. அவன் என்ன செய்வான்?

பரிசுப்பெட்டிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். காசு கொடுத்து மூடிய பெட்டியை வாங்கி உள்ளே என்ன என்று பார்ப்பது, அதை இரண்டாம் பாகத்தில் அறவே எடுத்துவிடுங்கள். பெல்ஜியத்தில் 2018லேயே அதைச் சூதாட்டம் என்று தடுத்துவிட்டார்கள். தென்கொரியாவில் 2024 மார்ச் முதல் எது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று வெளியிட்டே ஆக வேண்டும். எடுக்க மனமில்லை என்றால் குறைந்தபட்சம் அந்த விழுக்காட்டை எங்கோ எட்டாம் பக்கத்தில் ஒளிக்காமல் வாங்கும் பொத்தானின் மேலேயே போடுங்கள். அக்கா மகன் அவன் ஹோங்பாவ் (அன்பளிப்பு உறை) பணத்தில் 40 வெள்ளியை ஒரே மாலையில் பெட்டி பெட்டியாகத் திறந்து, கிடைத்தது மூன்று தொப்பி. மூன்றும் ஒரே தொப்பி.

கடைசியாக, யோசனை கேட்பதோடு நிறுத்தாமல் வாக்கெடுப்பு வையுங்கள். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று ஒரு விளையாட்டு, ரூன்ஸ்கேப்பின் 2007ஆம் ஆண்டு நகலை எடுத்து 2013ல் திறந்தார்கள். அதில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் விளையாடுகிறவர்களிடம் வாக்குக்கு விடுவார்கள், நூற்றுக்கு 75 பேர் சரி என்றால்தான் உள்ளே வரும். பிற்பாடு அதை 70 ஆக்கினார்கள். முதல் தடவை அந்த 75ஐப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோதும் அதே கணக்குதான், 75 விழுக்காடு. ஏற்கெனவே மின்தூக்கி நிற்கும் ஐந்தாம் மாடிக்காரர்கள் போடுவார்களா என்று அம்மா ஒரு வாரம் கவலைப்பட்டார். போட்டார்கள். லெவல் 80ல் இருக்கும் எங்கள் ஆட்களும் போடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன், கேட்டுத்தான் பார்க்கட்டுமே.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இன்று செவ்வாய், இரவு 10 தாண்டி சர்வர் மூடிக் கிடக்கிறது, வேறு வேலை இல்லை. இடம் இல்லையென்றால் பூந்தொட்டியை வெட்டிவிடுங்கள், தொப்பியையும் வெட்டிவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் நெடுஞ்செழியனுக்குக் கடைசியில் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மின்தூக்கித் தொழில்நுட்பர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்
(பெயர் வேண்டாம், அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள்)